கரண்ட்டு, மழை, கையில லேப்டாப்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி லேப்டாப் பத்தித்தான். பிள்ளைங்க காலேஜ் போற வீடுங்கள்ல இருந்து அம்மாமார் எழுதியிருக்காங்க, படிக்கிறவங்களே எழுதியிருக்காங்க, ஒரு மாமா மாண்டலேல இருந்து எழுதியிருக்காரு. நான் ரங்கூன்ல பத்தொன்பது வருஷமா லேப்டாப் ரிப்பேர் பாக்குறவன், அதனால என் மேஜைக்கு வந்து சேர்ந்தத வச்சு பதில் சொல்றேன், படிச்சத வச்சு இல்ல.

தம்பி, எம்பொண்ணு இந்த வருஷம் காலேஜ் போறா. அவ மாமா 18 லட்சம் கியாட்டுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்காரு. தினமும் தூக்கிட்டுப் போகட்டுமா, வீட்டுலயே வச்சுப் பூட்டிரவா? நெனச்சாலே நெஞ்சு படபடங்குது. - ஒரு அம்மா, தாம்வே

பூட்டாதீங்கக்கா. பூட்டி வச்ச லேப்டாப்பும் கெட்டுத்தான் போகுது, பேட்டரி முழுசா இறங்கி மாசக்கணக்கா அப்டியே கெடந்தா அப்புறம் சார்ஜே ஏறாது, அந்த மாதிரி எத்தனையோ பாத்துட்டேன். ஆனா தினமும் தூக்கணும்னும் இல்ல, லேப் இருக்குற நாள், குரூப்பா உக்காந்து வேலை செய்யுற நாள் மட்டும் கொண்டு போகட்டும், மத்த நாள் நோட்டுப் புத்தகம் போதும், அதை பொண்ணுகிட்டயே கேட்டு முடிவு பண்ணுங்க, அவளுக்குத்தான் டைம்டேபிள் தெரியும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, இன்னைக்கே செய்யுங்க. லேப்டாப்ப கவுத்துப் போட்டா அடில ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதுல சீரியல் நம்பர்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், அதை போட்டோ எடுங்க. கடைக்காரன் குடுத்த வவுச்சரையும் போட்டோ எடுங்க, அந்த வவுச்சர்ல சீரியல் நம்பர் எழுதலன்னா திரும்பப் போய் எழுதி வாங்குங்க, செகண்ட்ஹேண்டுக்கு இது ரொம்ப முக்கியம். ரெண்டு போட்டோவையும் உங்க போன்லயும் மாமா போன்லயும் வைங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னா "கருப்புக் கலரு, மூடில ஒரு கீறல் இருக்கும்"னு சொல்றதுக்கும் நம்பரச் சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. யாராவது அதை விக்க என் மாதிரி ஆளுகிட்ட கொண்டு வந்தாலும் நாங்க பாக்குறது அந்த நம்பரத்தான்.

அண்ணா, எங்க வீட்டுல கரண்ட் போய்ப் போய் வருது, வோல்டேஜும் ஒரு நிலையா இல்ல. இன்ஜினியரிங் படிக்கிறேன், ராத்திரில டிராயிங் வேலை இருக்கும். லேப்டாப் எரிஞ்சுருமோன்னு பயந்து பயந்து சார்ஜ் போடுறேன். - ரெண்டாம் வருஷ மாணவன், தன்லின்

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை வருஷமா காத்திருந்தேன். எல்லாரும் திருடனுக்குப் பயப்படுறாங்க, என் மேஜைய கேட்டா நம்ம ஊர்ல லேப்டாப்ப கொண்டு போறது கரண்ட்டுதான்.

முதல்ல உன் அடாப்டர எடுத்து அதுல இருக்குற பொடி எழுத்தப் படி. இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருக்கும். அப்படின்னா நம்ம வீட்டுக் கரண்ட் 230ல இருந்து 150க்கு எறங்கினாலும் அந்த அடாப்டர் தாங்கும், அதுக்குன்னு தனியா ரெகுலேட்டர் வாங்கத் தேவையில்ல, அந்தக் காச மிச்சம் பண்ணு. எறங்குறது பிரச்சனை இல்ல, குதிக்கிறதுதான் பிரச்சனை. கரண்ட் போயி திரும்ப வர்ற அந்த நேரத்த நெனச்சுப் பாரு, தெருவே "மீ லா பீ", கரண்ட் வந்துருச்சுன்னு கத்தும், கத்துன கையோட எட்டு மாடிக் கட்டடத்துல எல்லாரும் தண்ணி ஏத்துற மோட்டாரப் போடுவாங்க, பிரிட்ஜ் தானா ஓட ஆரம்பிக்கும், ரைஸ் குக்கர் வைப்பாங்க, அந்த ரெண்டு மூணு நிமிஷம் லைன்ல வோல்டேஜ் ஏறி எறங்கி ஆட்டம் போடும். அந்த நேரத்துல செருகி இருக்குற அடாப்டருக்குத்தான் அடி. அடாப்டரோட போச்சுன்னா அதிர்ஷ்டம், சில சமயம் அது மதர்போர்டு வரைக்கும் போயிரும்.

அதனால கரண்ட் போன உடனே பிளக்க உருவிரு. வந்தவுடனே செருகாத, பத்து நிமிஷம் பொறு, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் அடங்கட்டும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்குல்ல, அது பத்து நிமிஷம் தாங்கும். நீ தூங்கும்போது செருகிட்டுத் தூங்காத, நடுராத்திரில போயி வந்தா யாரு உருவுறது? அப்படித்தான் போட்டாகணும்னா, வோல்டேஜ் அளவு மீறினா கட் பண்ணி, சில நிமிஷம் கழிச்சு தானே திரும்ப விடுற சேஃப்கார்ட் பெட்டி கிடைக்குது, அதை வாங்கு. சிவப்பு லைட் எரியுற எக்ஸ்டென்ஷன் போர்ட பாதுகாப்புன்னு நெனச்சுராத, அந்த லைட்டுக்கு எரியுறதத் தவிர வேற வேலை இல்ல.

இன்னொண்ணும் பாரு. நம்ம வீடுகள்ல ரெண்டு பின்னு, உருண்டை மூணு பின்னு, சதுர மூணு பின்னு எல்லாம் கலந்து கெடக்கு, நடுவுல ஒரு மாத்துப் பிளக்கப் போட்டுச் செருகுறோம். அந்த மாத்துப் பிளக்கு லொடலொடன்னு ஆடுதா, ஓட்டைக்குப் பக்கத்துல பிளாஸ்டிக்கு டீக்கறை மாதிரி பழுப்பேறி இருக்கா, தொட்டா சுடுதா, தூக்கிப் போட்டுரு. உள்ள பொறி பறந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

ஜெனரேட்டர் இருந்தா, அதை ஓட விட்டு சத்தம் சீரானப்புறம் செருகு, நிறுத்துறதுக்கு முன்னாடி உருவு. கார் பேட்டரில இன்வெர்ட்டர் போட்டு ஓட்டுறவங்க ப்யூர் சைன் வேவ்னு கேட்டு வாங்குங்க, மலிவான இன்வெர்ட்டர்ல அடாப்டர் வண்டு மாதிரி 'ங்ங்ங்'னு முனகும், சுடும், ஆயுசும் கொறையும்.

அப்புறம், 80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் ஏத்தாத, பேட்டரி நாள்பட உழைக்கும்னு இன்டர்நெட்ல எல்லாரும் சொல்றாங்க, அது உண்மைதான், கரண்ட் எப்பவும் இருக்குற ஊருக்கு. நமக்கு எப்ப போகும்னு தெரியாது, காலேஜ் நாள்ல 100 ஏத்திட்டுப் போ. பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல மாத்திக்கலாம், விட்டுப்போன பரீட்சைய மாத்த முடியாது. லீவு நாள்ல வேணும்னா 80ல நிறுத்து.

லேப்டாப் சார்ஜ்ல இருக்கும்போது மேல கை வச்சா சுறுசுறுன்னு இழுக்குது, ஷாக் அடிக்குதோ? - மாணவி, இன்சின்

மெட்டல் பாடி லேப்டாப்பா இருக்கும் தங்கச்சி. அடாப்டர் வேலை செய்யுற விதத்துல ரொம்பக் கொஞ்சமா கரண்ட் பாடிக்குக் கசியும், எர்த் இருந்தா அது வழியா எறங்கிரும், நம்ம பழைய கட்டடங்கள்ல பாதிக்கு எர்த் கம்பியே கிடையாது, இல்லன்னா மூணு பின் பிளக்க ரெண்டு பின் மாத்துப் பிளக்ல போட்டு நாமளே எர்த்த வெட்டி விட்டுர்றோம். எறும்பு ஊர்ற மாதிரி லேசா இருந்தா ஆபத்து இல்ல, ஆனா வெடுக்குன்னு இழுத்தா அந்த அடாப்டர உடனே நிறுத்திட்டு வேற நல்ல அடாப்டர்ல போட்டுப் பாரு. குளிச்சிட்டு ஈரக் கையோட, வெறுங்காலோட சிமெண்ட் தரைல நின்னுக்கிட்டு சார்ஜ்ல இருக்குற லேப்டாப்பத் தொடாத, இதை உன் தங்கச்சி தம்பிக்கும் சொல்லிக் குடு.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன், லேப்டாப்புக்கு ஏறவே மாட்டேங்குது. ஏமாத்திட்டானா? - மாணவன், பெகு

ஏமாத்தல, கேக்காம வாங்கிட்ட. போனுக்கான பவர் பேங்க் 18 இல்லன்னா 22.5 வாட்டுதான் குடுக்கும், லேப்டாப்புக்கு 45ல இருந்து 65 வாட் வேணும். பவர் பேங்க் மேல டைப்-சி பிடி (PD) 65 வாட்னு போட்டிருக்கணும், உன் லேப்டாப்போட டைப்-சி ஓட்டையும் சார்ஜ் வாங்குற ஓட்டையா இருக்கணும், சில மாடல்ல அது பென்டிரைவுக்கு மட்டும்தான். உருண்டை பின் சார்ஜர் மட்டும் இருக்குற பழைய லேப்டாப்புக்கு நேரா ஏறாது.

கணக்கும் சொல்றேன். 20,000 எம்ஏஎச்-ஐ 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட் அவர். மாத்துறதுல கொஞ்சம் வீணாப் போகும், அறுபது சொச்சம் கைக்கு வரும். லேப்டாப் பேட்டரி பெரும்பாலும் 40ல இருந்து 60 வாட் அவர் இருக்கும், ஆக ஒரு தடவ முழுசா ஏத்தலாம். ஒரு நாள் காலேஜுக்கு அது போதும்.

அண்ணே, டீக்கடைல உக்காந்து அசைன்மெண்ட் செஞ்சுக்கிட்டு இருந்தேன், பிரெண்டு கை பட்டு ஒரு கப் டீ அப்டியே கீபோர்ட்ல. தொடச்சிட்டு ஆன் பண்ணேன், ஓடுச்சு, மறுநாள் செத்துப் போச்சு. அரிசில போட்டா வருமா? - மூணாம் வருஷம், ரங்கூன்

அரிசி வேணாம்ப்பா. அரிசி உள்ள போன தண்ணிய இழுக்காது, தூசியத்தான் உள்ள விடும்.

நம்ம டீல பால்டின்னு சொல்ற கெட்டிப் பால் ஊத்தி, சீனி கரைச்சு, தண்ணிய விட பத்து மடங்கு மோசமான சாமான் அது. தண்ணி காஞ்சா போயிரும், பால்டின் காஞ்சா ஒட்டும். போன மழைக்காலத்துல இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, கீபோர்டக் கழட்டினா அடில போர்ட் மேல தேன் ஊத்தின மாதிரி ஒரு படலம், அது மேல பச்சையாப் பூத்துப் போயிருக்கு, செம்பு அரிச்சுருச்சு. கொட்டின அன்னைக்கே கொண்டு வந்திருந்தா கழுவிக் குடுத்திருப்பேன், அந்தப் பையன் "ஓடுதே"ன்னு ஒன்பது நாள் ஓட்டியிருக்கான்.

கொட்டின நொடில பவர் பட்டன அமுக்கிப் பிடி, அணையுற வரைக்கும் விடாத, சேவ் பண்ணணும்னு நிக்காத. சார்ஜர உருவு. தெறந்த வாக்குலயே கவுத்து கூரை மாதிரி மேஜைல நிறுத்து, உள்ள போனது வந்த வழியே எறங்கட்டும். ஹேர் டிரையர் அடிக்காத, சூட்டுல சீனி இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும். ஆன் பண்ணிப் பாக்கணும்னு கை துறுதுறுங்கும், பண்ணாத, ஈரத்தோட கரண்ட் சேந்தாத்தான் போர்ட் சாகுது. அன்னைக்கே ரிப்பேர் ஆளுகிட்ட குடுத்து, பேட்டரி கனெக்டர கழட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல போர்டக் கழுவச் சொல்லு.

உன்னோடது மறுநாளே செத்துச்சுன்னா இன்னும் வழி இருக்கு. யாரும் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காம கொண்டு போ. போர்ட் போனாலும், எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிற எஸ்எஸ்டி தனியா கழட்டுற மாடலா இருந்தா உன் பாடமெல்லாம் பத்திரமா இருக்க வாய்ப்பு இருக்கு. அந்த பிரெண்டத் திட்டாத, டீக்கடை முக்காலி அவ்வளவுதான் ஒசரம், மேஜை அவ்வளவுதான் அகலம், அங்க லேப்டாப் தெறக்கணும்னா டீய கால்கிட்ட தரைல வை.

ஒய்பிஎஸ் பஸ்ல ரெண்டு பஸ் மாறி காலேஜ் போறேன். ஷான் தோள்பைலதான் லேப்டாப் வச்சுக்கிறேன், பையப் பாத்தா லேப்டாப்புன்னு தெரியாதுல்ல, அது நல்லதுதானே? - முதல் வருஷ மாணவி, ஹ்லைங்

பாதி நல்லதும்மா. லேப்டாப்பு இருக்குன்னு காட்டிக்காம போறது சரியான புத்தி, கம்பெனி பேர் போட்ட கருப்பு லேப்டாப் பைய விட அது மேல். ஆனா ஷான் பைக்கு ஜிப் இல்ல, அடில மெத்தையும் இல்ல, பஸ்ல இருந்து எறங்கும்போது ஆடி கம்பில டொக்குன்னு இடிக்கிற எடம் எப்பவும் அந்த மூலதான். ஸ்கிரீன் விரிசல்னு வர்றதுல நெறைய பையோட மூலைல அடி வாங்கினதுதான். கனமான ஸ்பாஞ்ச் வச்ச உறை ஒண்ணு வாங்கி அதுக்குள்ள போட்டு, அதை சாதாரண ஸ்கூல் பைல வச்சு, கூட்டத்துல பைய முன்னாடி மாட்டிக்க, கொழந்தைய தூக்கி வச்சிருக்குற மாதிரி. சார்ஜர லேப்டாப் மூடி மேல வைக்காத, பஸ்ல நெரிச்சா அந்தக் கட்டி ஸ்கிரீன உடைச்சிரும், பையோட வேற அறைல வை.

என் அக்கா மகனோடது போனது பஸ்ல இல்ல, காலேஜ் லைப்ரரில. போன் பேச அஞ்சு நிமிஷம் வெளிய வந்தான், மேஜைல நோட்டு இருந்துச்சு, பேனா இருந்துச்சு, தண்ணி பாட்டில் இருந்துச்சு, லேப்டாப் மட்டும் இல்ல. பக்கத்துல உக்காந்திருந்தவங்க யாரையும் அவனுக்குத் தெரியாது. அவன் அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. அதனால பாத்ரூம் போனாலும் தூக்கிட்டுப் போ, இல்லன்னா தெரிஞ்ச பிள்ளைகிட்ட பேரச் சொல்லி ஒப்படைச்சிட்டுப் போ, "கொஞ்சம் பாத்துக்கங்க"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போனா யாரும் பாக்க மாட்டாங்க. பக்கவாட்டுல சின்னதா ஒரு பூட்டு ஓட்டை இருக்குற மாடலா இருந்தா கென்சிங்டன் வயர் பூட்டு போடலாம், ஹாஸ்டல் ரூமுக்கு அது நல்லது, ஆனா மேஜைக் காலத் தூக்கி வயர உருவ முடியாத எடமாப் பாத்துப் போடணும்.

திஞ்சான் தண்ணித் திருவிழா நாலு நாளும் வெளிய கொண்டே போகாத. பிளாஸ்டிக் பைல சுத்திட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு போயி பக்கெட் தண்ணியோட வந்தவங்க வருஷா வருஷம் இருக்காங்க.

எங்க ஊர் மழை உங்களுக்குத் தெரியும். லேப்டாப்ப ஒரு மாசம் பெட்டில வச்சிருந்து எடுத்தா கீபோர்டெல்லாம் பூஞ்சை, ஃபேன் ஓட மாட்டேங்குது. - மோல்மேன்ல இருந்து ஒரு ஆசிரியை

வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊருங்க அது டீச்சர், ரங்கூன விட உங்க ஊர்ல இருந்து வர்ற மிஷின்ல பூஞ்சை அதிகம்னு எனக்கும் தெரியும். உங்க பக்கம் லேப்டாப்புக்கு ஓய்வு குடுக்கவே கூடாது. மழை மாசத்துல வேலை இல்லன்னாலும் தினம் ஒரு மணி நேரம் ஓட விடுங்க, உள்ள வர்ற சூடே ஈரத்த வெரட்டிரும். மூடி வைக்கணும்னா இறுக்கமான பிளாஸ்டிக் டப்பால பெரிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, மாசம் ஒரு தடவ அந்தப் பொட்டலத்த மாத்துங்க. வெளிய இருந்து மழைல நனஞ்ச பையோட வந்தா உடனே ஆன் பண்ணாம அரை மணி நேரம் வெளிய எடுத்து வைங்க.

ஃபேன் ஓடலன்னு சொன்னீங்களே, அது பூஞ்சையா இருக்காதுங்க, எறும்பா இருக்கலாம். மழைல எறும்புக்கு காஞ்ச எடம் வேணும், பிஸ்கட் துகள் விழுந்த கீபோர்டுக்கு அடில அதுக்கு சோறும் இருக்கு. ஒரு லேப்டாப்பத் தெறந்தா ஃபேன் இறக்கைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா முட்டை, அரிசிக் குருணை கொட்டின மாதிரி. மருந்து அடிக்காதீங்க, ஆளக் கூப்பிட்டு கழட்டி பிரஷ்ல தள்ளச் சொல்லுங்க.

அண்ணா, லேப்டாப் திருடு போனா உள்ள இருக்குற போட்டோ, பாஸ்வேர்ட் எல்லாம் எடுத்துருவாங்களா? லாகின் பாஸ்வேர்ட் போட்டிருக்கேன். - மாணவி, சாஞ்சாவ்ங்

லாகின் பாஸ்வேர்ட் மட்டும் போதாதும்மா. எஸ்எஸ்டியக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா எல்லாம் தெறந்து கெடக்கும், அதுக்கு எனக்கு ஒரு ஸ்குரூடிரைவரும் அஞ்சு நிமிஷமும் போதும், திருடனுக்கும் அவ்வளவுதான். டிஸ்க்கையே பூட்டணும். விண்டோஸ் 11 ஹோம்ல செட்டிங்ஸ்குள்ள பிரைவசி அண்ட் செக்யூரிட்டில டிவைஸ் என்கிரிப்ஷன்னு இருக்கும், ப்ரோல பிட்லாக்கர், மேக்ல ஃபைல்வால்ட்.

ஆனா விண்டோஸ்ல அதைப் போடும்போது 48 இலக்கத்துல ஒரு ரெகவரி கீ உருவாகும், தயவுசெஞ்சு அதைக் காகிதத்துல எழுதி அம்மாகிட்ட குடுத்து வை. மதர்போர்ட் மாத்தின உடனே மிஷின் அந்தக் கீயக் கேக்கும். நான் மாத்திட்டு ஆன் பண்ணுவேன், நீலக் கலர்ல ஸ்கிரீன் வந்து நம்பரக் கேக்கும், பிள்ளைங்க முழிப்பாங்க, "அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுண்ணா"ன்னு அழுவாங்க. அது இல்லாம யாராலயும் தெறக்க முடியாது, என்னாலயும் முடியாது.

ஃபைண்ட் மை டிவைஸ ஆன் பண்ணி வை, ஆனா விண்டோஸ்ல அது கடைசியா எங்க நெட்ல இருந்துச்சுன்னு காட்டும், பூட்டும், அவ்வளவுதான், உள்ள இருக்குறத அழிக்காது. தொலைஞ்சது தெரிஞ்ச உடனே வேற போன்ல இருந்து ஈமெயில் பாஸ்வேர்ட மாத்து, எல்லா டிவைஸ்ல இருந்தும் சைன் அவுட் பண்ணு, போலீஸுக்குப் போறது அதுக்கு அப்புறம். காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல செருகின பென்டிரைவ வீட்டுக்கு வந்து அப்டியே செருகாத, ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கெடக்குறது அங்க இருந்துதான் வருது, முதல்ல ஸ்கேன் பண்ணு.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் சின்னச் சின்னதா ஆடும்போதெல்லாம் என் மகன் கீழ எறங்காம லேப்டாப்ப எடுக்க ரூமுக்குள்ள ஓடுறான். கடைசி வருஷம், பிராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ள இருக்காம். சொன்னாக் கேக்க மாட்டேங்குறான். - ஒரு அப்பா, மாண்டலே

மாமா, 7.7 அளவுல ஆடின ஊர்ல இருந்து நீங்க இதை எழுதியிருக்கீங்க, படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவன்கிட்ட லேப்டாப்ப விட்டுட்டு ஓடுடான்னு சொல்லாதீங்க, சொன்னாலும் கேக்க மாட்டான், நாலு வருஷ உழைப்பு ஒரே எடத்துல இருந்தா யாருக்கும் கால் அங்கதான் போகும். அந்த உழைப்ப ரெண்டு எடத்துல வச்சுக் குடுங்க, அவன் கால் தானா வாசலுக்குப் போகும்.

500 ஜிபில ஒரு வெளி எஸ்எஸ்டி வாங்கிக் குடுங்க, தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெருசா இருக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி உள்ள சுத்துற தட்டு இல்லாததால கீழ விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். தினமும் ராத்திரி பிராஜெக்ட் ஃபோல்டர அதுல காப்பி பண்ணட்டும். காப்பி பண்ணினதும் அது லேப்டாப் பைல இருக்கக் கூடாது, ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணாத்தான் போகும், உங்க சட்டைப் பைலயோ கடைலயோ வச்சுக்கங்க. நெட் நல்லா இருக்குற நேரம் பாத்து கூகுள் டிரைவ்லயும் போடட்டும், 15 ஜிபி வரைக்கும் காசு இல்ல, ரிப்போர்ட்டு, டிராயிங்கு, புரோகிராம் கோடு எல்லாம் சேத்தாலும் பல பிள்ளைங்களுக்கு அஞ்சு ஜிபியத் தாண்டாது, பெருசா இருக்குறதெல்லாம் வீடியோதான். நெட் சரியில்லன்னா தெனம் வேணாம், வாரம் ரெண்டு தடவ போதும்.

முதல் தடவ காப்பி பண்ணினதும் நீங்க பக்கத்துல உக்காந்து அந்த எஸ்எஸ்டிய வேற கம்ப்யூட்டர்ல செருகி, பிராஜெக்ட்ட தெறந்து காட்டச் சொல்லுங்க மாமா. தெறந்து ஓடுறத அவன் கண்ணால பாக்கணும்.